செங்கம்பளத்தில் நடப்பது யார் சரக்கு?

பெரும்பாக்கத்தில் அரிசியும் பருப்பும் மொத்தமாக விற்கிற நமக்கு, பாரிசிலும் மிலானிலும் பூனைநடை போடும் மாடல் அழகிகளின் உடுப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். தகுதி இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாகச் சரக்கைக் கையால் தொட்டுப் பார்த்து விலை சொல்லி வருகிறோம். ஒரு பொருளின் விலையில் சரக்குக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவனால் மொத்த வியாபாரம் செய்ய முடியாது. வீட்டுப் பிள்ளைகள் செல்பேசியில் காட்டும் பேஷன் ஷோ படங்களையும் நாம் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

முதலில் அழகைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுவோம். ஆண்டுதோறும் மே மாதம் முதல் திங்கட்கிழமை நியூயார்க்கில், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவுக்கு நிதி திரட்டுவதற்காக ஒரு விருந்து நடக்கிறது. உலகத்து நட்சத்திரங்கள் எல்லாம் அங்கே கம்பளத்தில் நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2015-இல் ரிஹானா என்ற பாடகி மஞ்சள் நிறத்தில் ஒரு மேலங்கி அணிந்து வந்தார். சீனாவின் குவோ பெய் என்ற அம்மையார் தைத்தது. படிக்கட்டு முழுதும் தோசைக்கல்லில் மாவு ஊற்றியது போல் அது பரவிக் கிடந்தது. எடை 25 கிலோ. அதாவது ஒரு சிப்பம் அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி நடந்திருக்கிறார். (2022 ஜூலையில் 25 கிலோ வரை பொட்டலமிட்ட அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்தபோது ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டது நினைவிருக்கும். அந்த அங்கியும் இன்னும் ஒரு கிலோ கூடியிருக்கலாம்!) வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் வால் பிடிக்கவே ஆள் வேண்டிய உடுப்பை உடுப்பு என்று ஒப்புக்கொள்ள நம் மனம் இடம் தரவில்லை. அதைத் தேர் என்று சொன்னால் ஒப்புக்கொள்வோம்.

2024-இல் இந்தி நடிகை ஆலியா பட் அதே விருந்துக்குச் சேலையில் சென்றார். கொல்கத்தாவின் சப்யசாச்சி வடிவமைத்தது. இதற்கும் 23 அடி வால் உண்டு. என்றாலும் இது நமக்குப் பிடித்தது. சேலை என்பது உலகத்தில் எந்தக் கவுனுக்கும் தலை குனிய வேண்டாத உடை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதற்கு 163 பேர் 1,965 மணி நேரம் உழைத்தார்கள் என்று கணக்கு வெளியிட்டார்கள். வியாபாரி புத்தி சும்மா இருக்காதே, வகுத்துப் பார்த்தோம். சராசரியாக ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஒன்றரை நாள் வேலை. பெரிய பேச்சுக்குச் சின்னக் கணக்குதான். ஆனாலும் கைவேலைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று கணக்கில் எழுதினார்களே, அந்த மட்டில் நல்லது.

சரி, இவர்கள் நடக்கும் கம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கேரளத்தின் ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலையில் உள்ள ஓர் ஆலையில் கற்றாழை நாரில் நெய்து அனுப்பியது. 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அங்கிருந்துதான் போனது. 2023-இல் மட்டும் ஏறத்தாழ ஏழாயிரம் சதுர மீட்டர். வெள்ளையாக நெய்து அனுப்ப, நியூயார்க்கில் வண்ணம் தீட்டிக்கொண்டார்கள். ஆலப்புழை என்றால் நமக்கு மஞ்சளும் கயிறும்தான் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரன் நெய்த நார் மேல்தான் உலகத்து வைரமெல்லாம் நடந்தது. தொலைக்காட்சியில் கவுன் தைத்தவர் பெயரை நூறு முறை சொன்னார்கள். கம்பளம் நெய்த ஊரின் பெயர் நம் நாட்டுப் பத்திரிகைகள் எழுதிய பிறகே நமக்குத் தெரிந்தது.

இதில்தான் நம் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. சரக்கு ஓர் ஊருடையது, பெயர் வேறொருவருடையது. பெயர் வைத்திருப்பவன் கல்லாவில்தான் பணம் விழுகிறது.

2025 ஜூன் மாதம் மிலான் நகரில் இத்தாலியின் பிராடா நிறுவனம் ஆண்களுக்கான உடைகளைக் காட்சிக்கு வைத்தது. நடந்து வந்த ஆண்களின் காலில் அச்சு அசலாகக் கோலாப்பூர் செருப்பு. நிறுவனத்தின் குறிப்பில் 'தோல் செருப்பு' என்றுதான் இருந்தது. கோலாப்பூர் என்ற சொல்லே இல்லை, இந்தியா என்ற சொல்லும் இல்லை. அந்தச் செருப்புக்கோ 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டமும் கர்நாடகத்தில் நான்கு மாவட்டமும் அதற்கு உரிமை உடையவை.

இணையத்தில் ஆளாளுக்குத் திட்டினார்கள். அதனால் மட்டும் பிராடா இறங்கி வந்ததாக நாம் கருதவில்லை. மகாராஷ்டிர வணிகம், தொழில், வேளாண்மைச் சபை, அதாவது நம்மைப் போன்ற ஒரு வியாபாரிகள் சங்கம், முறைப்படி ஒரு கடிதம் எழுதியது. நிறுவனம் பதில் எழுதியது. இந்தியக் கைவினைக் காலணியைப் பார்த்தே செய்தோம் என்று ஒப்புக்கொண்டது. ஜூலையில் அவர்கள் ஆட்கள் கோலாப்பூருக்கே வந்து பட்டறைகளைப் பார்த்தார்கள். டிசம்பரில் இரு மாநில அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் ஆனது. இங்கேயே 2,000 ஜோடி செய்து வாங்கி, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு, அதாவது எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல், விற்பதாக அறிவித்தார்கள். கோலாப்பூர் கடைத்தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே அந்தச் செருப்பு கிடைக்கிறது! இந்த வித்தியாசத்தில் தோல் பதனிட்டவனுக்கும் தைத்தவனுக்கும் எவ்வளவு போய்ச் சேரும் என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஊரின் பெயர் பில்லில் ஏறிவிட்டது. அது சிறிய காரியம் அல்ல.

இதற்கிடையே சில வழக்கறிஞர்கள் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஜூலையில் அதைத் தள்ளுபடி செய்தது. குறியீட்டுக்குப் பதிவு பெற்ற உரிமையாளர் இருக்கிறார்களே, அவர்கள் வரட்டும், இதில் உங்களுக்கு என்ன உரிமை என்பதே நீதிமன்றத்தின் கேள்வியாக இருந்தது. அக்கறை இருந்தால் மட்டும் போதாது, பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும். வாடகைக் கட்டடத் தகராறில் சிக்கிய எந்த வியாபாரிக்கும் இது புரியும்.

செருப்பை விடுங்கள், கைலிக்கு வருவோம். 2018-இல் ஸ்பெயின் நாட்டு ஜாரா நிறுவனம் கட்டம் போட்ட ஒரு பாவாடையை 69.99 பவுண்டுக்கு விற்றது. மேடவாக்கம் கூட்டுரோட்டில் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கைலியை இடுப்பில் முடிச்சுப் போட்டது போலவே இருந்தது. 2025-இல் அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ரம் கடையில் இந்தி எழுத்தில் நம்கீன் கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பை 48 டாலர், நம் பணத்தில் நாலாயிரம். ஒரு ஜப்பான் கம்பெனியின் சரக்கு. நாம் கல்யாண வீட்டில் தேங்காய் போட்டு இனாமாகக் கொடுக்கும் தாம்பூலப் பைதான் அது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று திட்டம் தொடங்கியபோது, பைக்குப் பத்து ரூபாயா என்று நம் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தது நினைவுக்கு வருகிறது.

பெயருக்கு இவ்வளவு பலம் உண்டு என்பதை உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னைதான் என்று சொன்னால் மிகையில்லை. கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு இன்றும் அமெரிக்காவில் 'மெட்ராஸ்' என்றே பெயர். கோட்டையில் ஆளுநராக இருந்து பெரும்பணம் சேர்த்த எலிஹு யேல் 1718-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். அதை விற்று 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பெயர் வாங்குவதில் அவரல்லவோ மொத்த வியாபாரி!

1958-இல் நடந்ததாக ஒரு கதையை கேப்டன் கிருஷ்ணன் நாயர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லீலா ஓட்டல்களை நிறுவியவர், அப்போது துணி ஏற்றுமதியாளர். அவர் கொடுத்த மெட்ராஸ் துணி புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடைக்குச் சட்டையாகப் போனது. குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேராததால் சாயம் இறங்கியது. வழக்கு வரும் நிலை. கடைசியில், சாயம் இறங்குவதே இதன் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். துணி சக்கைப்போடு போட்டது. நம் கடையில் வண்டு விழுந்த பயறை அப்படி விற்க முடியுமா? அங்கே முடிந்தது. பத்திரிகையும் பெயரும் துணைக்கு வந்ததால்தான் முடிந்தது. அந்தத் துணி நெய்தவர்கள் யார், எந்த ஊர் என்று அக்கதையில் ஒரு வரிகூட இல்லை.

எல்லாப் பெரிய டிசைனர்களும் அப்படி என்று சொல்ல மாட்டோம். 2023 மார்ச் 30-ஆம் தேதி பிரான்சின் டியோர் நிறுவனம் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா வாசலில் பெரிய தோரணம் கட்டி ஒரு காட்சி நடத்தியது. எம்பிராய்டரி செய்த மும்பைச் சாணக்யா பட்டறையின் பெயரை வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்தத் தோரணம் நமக்குக் கவுன்களைவிட அழகாகப் பட்டது. வாசலில் மாவிலை கட்டும் ஊர்க்காரர்கள் அல்லவா நாம்.

இனி, நம் வீட்டுக் குப்பையையும் கிளறத்தான் வேண்டும். பிராடாவைத் திட்டுவது சுலபம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் குறியீடு வந்தது. மணப்பாறை முறுக்குக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-இல் வந்தது. தாம்பரம் முதல் சோழிங்கநல்லூர் வரை நம் கடைகளில் கோவில்பட்டி என்று அச்சிட்டுத் தொங்கும் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தயாரிப்பாளர் முகவரியைப் போட வேண்டும் என்பது சட்டம். எத்தனையில் கோவில்பட்டி முகவரி இருக்கிறது? காஞ்சிபுரம் என்று சொல்லி விசைத்தறிச் சேலை விற்கும் ஜவுளிக்கடைக்காரரும் இந்தச் சங்கத்தில் இருக்கலாம். ஆந்திர மிளகாயைக் கலந்து ராமநாதபுரம் என்று மூட்டையில் எழுதுபவரும் இருக்கலாம். மிலானில் கோலாப்பூர் பெயரை மறைத்தார்கள். நாமோ இல்லாத ஊரின் பெயரை ஒட்டுகிறோம். இரண்டிலும் நஷ்டப்படுகிறவன், அந்த ஊரில் அடுப்பின் முன்னாலும் தறியின் முன்னாலும் உட்கார்ந்திருப்பவன்தான்.

அவனுக்கு நஷ்டம் என்றால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பெரிய அங்காடிகளும் கைப்பேசிக் கடைகளும் விலையை அடித்து நொறுக்கும் காலம் இது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் பாக்கெட்டோடு விலையில் நாம் போட்டி போட முடியாது. இது இன்ன ஊர்ச் சரக்கு, இன்னாரிடம் வாங்கியது என்று முகம் பார்த்துச் சொல்லும் வார்த்தை ஒன்றுதான் நம்மிடம் மீதி. அதிலும் கலப்படம் செய்தால் நம்மிடம் ஏன் வர வேண்டும்?

புவிசார் குறியீட்டுப் பதிவகம் இந்தியா முழுமைக்கும் நம் கிண்டியில்தான் இருக்கிறது. கோலாப்பூர்க்காரன் இங்கே வந்துதான் பதிவு செய்தான். பெரும்பாக்கத்திலிருந்து அங்கே போக நமக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. தமிழகப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் பதிவு பெற்ற உரிமையாளர் யார், அவர்களிடம் நேரடியாகச் சரக்கு வாங்குவது எப்படி என்று விசாரித்து, நம் சங்கம் ஒரு பட்டியல் அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்க இருக்கிறோம். வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் கடையில் ஊர்ப் பெயரோடு விற்கும் பாக்கெட் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். மேசை மேல் வைத்து எல்லோரும் முகவரியைப் படித்துப் பார்ப்போம். நாம் இரண்டு பாக்கெட் எடுத்து வருகிறோம்.