மாத்தளையில் வாக்குக் கேட்டு வருவோரின் கவனத்திற்கு

மாகாண சபைத் தேர்தல் குறித்த பேச்சு அவ்வப்போது எழுவதும் பின்னர் அடங்கிப் போவதும் இந்நாட்டில் வழமையாகிவிட்டது. மத்திய மாகாண சபைக்கு இறுதியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி. அச்சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அன்று முதல் ஆளுநரின் கீழேயே மாகாண நிர்வாகம் நடைபெற்று வருகின்றது. எனினும் கட்சி அலுவலகங்களில் வேட்பாளர் பெயர்கள் பேசப்படத் தொடங்கிவிட்டால் மாத்தளையின் தோட்டப் புறங்களுக்கு வாகனங்கள் ஏறத் தொடங்கிவிடும். கோயில் திருவிழாக்களில் பொன்னாடைகள் அதிகரிக்கும். இந்நிலையில், வாக்குக் கேட்டு வருகின்ற ஒருவர் இம்மாவட்ட மக்களிடம் எதனை முதலில் பேச வேண்டும் என்பதை இப்பொழுதே சொல்லி வைப்பது பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நான்கு இலட்சத்து எண்பதாயிரத்துக்குச் சற்று அதிகமாகும். இதில் தமிழர் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர். முஸ்லிம்களும் ஏறத்தாழ அதே அளவினர். பாராளுமன்றத்துக்கு இம்மாவட்டத்திலிருந்து தெரிவாகின்றவர்கள் ஐவர் மட்டுமே. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி நான்கு ஆசனங்களையும் ஐக்கிய மக்கள் சக்தி ஓர் ஆசனத்தையும் பெற்றன. ஐந்து ஆசனங்கள் மட்டுமே உள்ள இடத்தில் பத்திலொரு பங்கினரான ஒரு சமூகம் தன் சொந்த வாக்குப் பலத்தினால் ஒருவரை அனுப்புவது கணக்குப்படி இயலாத காரியம். மாகாண சபையின் நிலை வேறு. பழைய விகிதாசார முறையின் கீழ் மாத்தளைக்குப் பத்துக்குக் குறையாத ஆசனங்கள் இருந்தன. ஒற்றுமையாக வாக்களித்தால் ஓர் உறுப்பினரையேனும் பெறுவதற்கு அங்கு இடமிருந்தது. நுவரெலியாத் தமிழருக்கு மாகாண சபை இல்லாமற் போனது ஓர் இழப்பு என்றால், மாத்தளைத் தமிழருக்கு அது இருந்த ஒரே கதவு அடைபட்டதற்குச் சமம்.

அக்கதவு எவ்வாறு அடைபட்டது என்பதையும் நினைவுபடுத்த வேண்டியுள்ளது. 2017 செப்டெம்பரில் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டம் பழைய தேர்தல் முறையை நீக்கி, தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையைக் கொண்டு வந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. ஆதரவாக ஒரு வாக்கேனும் கிடைக்கவில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்த விநோதமும் அன்று நிகழ்ந்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை. புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. ஆகவே, மாத்தளை வேட்பாளரிடம் கேட்கப்பட வேண்டிய முதலாவது கேள்வி, எந்த முறையில் தேர்தல் நடைபெற வேண்டுமென அவரது கட்சி கருதுகின்றது என்பதே. தொகுதி எல்லைகள் எங்கு கீறப்படுகின்றன என்பதைப் பொறுத்து ரத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்கை கோரளை ஆகிய பகுதிகளின் தமிழ் வாக்குகள் ஒன்றாகத் திரளவும் கூடும். நான்கு துண்டுகளாகச் சிதறவும் கூடும். இதைப் பற்றி வாய் திறக்காத ஒருவர் வேறு எந்த வாக்குறுதியை அளித்தாலும் அது அரைகுறையானதே.

அடுத்து, சம்பளம். தோட்டத்தில் மேடை போட்டால் சம்பளத்தைப் பேசாமல் இறங்குவதில்லை என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021 இல் கிடைத்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகியது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அதனை 1550 ரூபாவாக்கி, 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசாங்கமே வழங்கும் என்ற அறிவிப்பு வெளியானது. இவை யாவும் கொழும்பில், சம்பள நிர்ணய சபையிலும் அமைச்சரவையிலும் தீர்மானிக்கப்பட்டவை. மாகாண சபை உறுப்பினர் ஒருவருக்கு இதில் கையெழுத்திடும் அதிகாரம் கிடையாது. தன் கையில் இல்லாததை வாக்குறுதியாக விற்பது எளிது. நிறைவேறினால் பெருமை, நிறைவேறாவிட்டால் பழி கம்பனியின் மீது. நாம் பார்த்த தேர்தல்கள் பலவற்றிலும் இதுவே நடந்தது.

மாகாண சபையின் கையில் இருப்பவை வேறு. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த பாடசாலைகள், மாகாணத்தின் கீழுள்ள வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், உள்ளூராட்சி மன்றங்களின் மேற்பார்வை ஆகியவற்றை 13 ஆவது திருத்தம் அதனிடம் ஒப்படைத்திருக்கின்றது. மத்திய மாகாண அமைச்சரவையில் தமிழ்க் கல்வி தனி விடயமாகத் தமிழ் அமைச்சர் ஒருவரிடம் இருந்து வந்ததை மலையக ஆசிரியர்கள் அறிவர். அதில் அரசியல் தலையீடு இருக்கவில்லை என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர் கோப்புடன் சென்று உட்காருவதற்கு ஒரு வாசல் இருந்தது. இன்று அவர் அதிகாரிகளிடம் மட்டுமே செல்ல வேண்டியவராக இருக்கின்றார். மாத்தளையில் தமிழ்மொழி மூலம் கணித, விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் கற்பதற்கு ஆசிரியர்களை எங்கிருந்து பெறுவது, எந்தப் பாடசாலையில் நிலைநிறுத்துவது என்பதற்கு வேட்பாளரிடம் ஒரு திட்டம் இருக்க வேண்டும். கட்டடம் கட்டித் தருவேன் என்பது திட்டமாகாது.

இனி, நாம் அதிகம் பேச விரும்புகின்ற விடயத்துக்கு வருவோம். அது காணி.

2023 ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி இடம்பெற்றது. ஜூலை 28 இல் ஆரம்பித்த அப்பயணம் ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை வந்தடைந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்து வரப்பட்டவர்கள் காட்டு வழியே நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்து, மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் மாத்தளை என்பதனாலேயே அது அங்கு முடிவுற்றது. அதே ஆகஸ்டில், பயணிகள் கலைந்து சென்று ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள், எல்கடுவையில் ரத்வத்தை தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிகக் குடில் ஒன்றைத் தோட்ட அதிகாரி ஒருவர் இடித்துத் தள்ளுகின்ற காட்சி நாடெங்கும் பரவியது. அன்றைய அமைச்சர் ஜீவன் தொண்டமான் தோட்டத்துக்கே சென்று வாதாடியதையும் மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தனர். சிறிது நாட்கள் பரபரப்பு நிலவியது. பின்னர் அது மறக்கப்பட்டது.

இங்கு கவனிக்கப்பட வேண்டியது அந்த அதிகாரியின் முரட்டுத்தனம் மட்டுமல்ல. லயன் அறை போதாமற் போய், மகனுக்குத் திருமணமானதும் பக்கத்தில் ஒரு தகரக் கூரை போட்டுக் கொள்வது எந்தத் தோட்டத்திலும் நடப்பது. ஆனால் அவ்விடத்தின் மீது அக்குடும்பத்துக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை. அவ்வாறாயின் அதை இடிப்பதற்கு ஒரு நிர்வாகிக்குத் துணிவு எங்கிருந்து வருகின்றது என்று கேட்க வேண்டியதில்லை. எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனம் அரசின் வசமுள்ளது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ ஆகிய மூன்றும் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியையும் சேவைக்காலக் கொடுப்பனவையும் நிலுவையில் வைத்திருந்த கதை பல அரசாங்கங்களைக் கண்டது. தனியார் கம்பனிகளைக் குற்றஞ்சாட்டி மேடையில் கைதட்டல் பெறலாம். கண்டியிலும் மாத்தளையிலும் கணிசமான தோட்டங்களுக்கு அரசாங்கமே துரையாக இருக்கின்றது என்பதை வேட்பாளர்கள் சொல்வதில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின்போது தோட்டங்கள் அரசுடைமையாகித் துண்டாடப்பட்டதில் இவ்விரு மாவட்டத் தொழிலாளரே பெரிதும் வீதிக்கு வந்தனர். நிலம் அயல் கிராமத்தவருக்குச் சென்றது. அதில் உழைத்தவருக்குச் செல்லவில்லை. அதற்காக அயல் கிராமத்துச் சிங்கள விவசாயியைப் பகையாளியாகக் கருதுவது தவறு. தம்புள்ளையிலும் கலேவெலயிலும் யானையிடம் பயிரையும் உயிரையும் இழப்பவரும், மொரகஹகந்த - களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகப் பரம்பரை வயலை விட்டு எழுந்தவரும் அவரே. அவருக்கு மாற்றுக் காணி கொடுக்கப்பட்டது. அது போதுமானதா என்பது வேறு விவாதம். ஆனால் அவருக்கு இழப்பதற்கு ஒரு காணி இருந்தது என்பதை அரசு ஏற்றுக்கொண்டது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இவ்வேறுபாட்டை மீண்டும் வெளிப்படுத்தியது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அவ்வனர்த்தத்தில் மாத்தளையின் மலைச்சரிவுகளும் தப்பவில்லை. வீட்டை இழந்தவருக்கு வீடும் காணியை இழந்தவருக்குக் காணியும் எனில், லயன்வாசி இழந்தது எது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானது எனக் கூறிய சரிவிலிருந்து எழுந்து செல்லுமாறு கூறினால், அவர் எங்கு செல்வது? தோட்டத்திலேயே பாதுகாப்பான இடத்தில் பேர்ச்சஸ் கணக்கில் ஒரு துண்டு நிலத்தை உறுதிப் பத்திரத்துடன் ஒதுக்காவிட்டால், அடுத்த மழைக்கும் அவர் அதே அறையில்தான் இருப்பார். காணி விடுவிப்பு மத்திய அரசின் கையில் உள்ளது என்பது உண்மையே. ஆனால் எந்தெந்தத் தோட்டத்தில், எத்தனை குடும்பங்களுக்கு, எந்த நிலம் என்ற பட்டியலைத் தயாரித்து அழுத்தம் கொடுப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

உள்ளூராட்சி மன்றங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு தோட்டங்களில் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்ட காலம் தடையாக இருந்தது. வாக்குரிமை இருந்தும் வாக்களித்த சபையின் வீதி விளக்கு தோட்ட எல்லையோடு நின்றுவிடும். 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அத்தடையைத் தளர்த்தியது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்தாலோசித்துப் பாதை, கிணறு முதலிய பொது வசதிகளைச் சபைகள் இப்போது செய்து கொடுக்கலாம். 2025 மே 6 ஆம் திகதி தேர்தலின் பின்னர் மாத்தளையின் இரு மாநகர சபைகளுக்கும் பதினொரு பிரதேச சபைகளுக்கும் உறுப்பினர்கள் தெரிவாகியுள்ளனர். திருத்தத்தின் பயனாகத் தோட்டங்களுக்குள் எத்தனை கிலோமீற்றர் பாதை செப்பனிடப்பட்டது என்று சபை வாரியாகக் கணக்குக் காட்டுமாறு வாக்காளர்கள் கேட்கலாம்.

மொழி விடயமும் இவ்வாறானதே. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் எட்டிலொரு பங்குக்கு மேற்பட்டிருந்தால் அங்கு இருமொழி நிர்வாகத்துக்கு அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை இடமளிக்கின்றது. தமிழ் பேசும் முஸ்லிம்களையும் சேர்த்தே இக்கணக்கு பார்க்கப்பட வேண்டும். 2024 இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின் பிரிவு வாரியான விபரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, மாத்தளையின் எந்தெந்தச் செயலகங்கள் இவ்வரம்பைத் தாண்டுகின்றன என்பதை வேட்பாளர்கள் மக்கள் முன் வைக்கட்டும். இதில் தமிழ் வேட்பாளரும் முஸ்லிம் வேட்பாளரும் தனித்தனியே மனுக் கொடுக்க வேண்டிய அவசியம் இருப்பதாக எமக்குத் தெரியவில்லை.