வராதவர் வீட்டுக்கு யார் போவது?

தென்னிந்தியத் திருச்சபைச் சபைகள் பலவற்றில், ஞாயிறு ஆராதனையின்போது பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தவர்களின் பெயர்களை வாசித்து, முன்னால் அழைத்து ஜெபிக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் வேலை போனவர், கடனில் விழுந்தவர், மகளின் மணமுறிவுக்குப் பின் நாலு பேர் முகத்தில் விழிக்கத் தயங்குகிறவர் ஆகியோரின் பெயர்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அவர்கள் முதலில் கடைசி பெஞ்சுக்குப் போகிறார்கள். பிறகு வருவதே நின்றுவிடுகிறது. வழியில் பார்த்தால் ‘ஜெபித்துக்கொள்கிறோம்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். சோர்ந்த விசுவாசியைத் தூக்கி நிறுத்த அந்த ஒரு சொல் போதாது. அவருக்காக நம் நேரத்தையும் பணத்தையும், தேவைப்பட்டால் நம் நற்பெயரையும் கொடுக்க வேண்டும். அந்தக் கடமை ஆயருக்கு முன்பே சபையாருக்கு உண்டு என்பதே என் வாதம்.

இதற்கு அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பர்னபாவைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியரான அவர், தம் நிலத்தை விற்ற பணத்தை அப்போஸ்தலரிடம் கொண்டுவந்து வைத்தவர். சீஷர்களைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, அவரை நம்ப ஒருவரும் முன்வரவில்லை. பர்னபா அவரை அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய், நடந்ததை எடுத்துச் சொல்லிப் பொறுப்பேற்றார். அவர் கணிப்பு தவறியிருந்தால் அவர் பெயர் மட்டுமா கெட்டிருக்கும், சபையின் உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். பின்னர் அந்தியோகியாவில் ஊழியம் பெருகியபோது தர்சு வரை போய்ச் சவுலைத் தேடி அழைத்து வந்தவரும் அவரே. ஊழியப் பயணத்தைப் பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி சேர்த்துக்கொள்ள, பவுல் என்று அழைக்கப்பட்ட அந்தச் சவுல் மறுத்தார். பர்னபாவோ பவுலைப் பிரிய நேர்ந்தாலும் சரி என்று மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மாற்கு ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமானவர், அவரை அழைத்து வா என்று கேட்கிறவர் அதே பவுல். பர்னபாவின் பெயரில் புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபமும் இல்லை. ஆனால் இந்த இருவரும் நிலைத்து நின்றதில் அவர் கை இருக்கிறது.

திருநெல்வேலித் திருச்சபையும் இப்படி வளர்ந்ததுதான். சொந்த ஊரில் தொல்லைக்கு ஆளான கிறிஸ்தவர்கள் சேர்ந்து வாழ 1799இல் முதலூர் உருவானது. மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1830இல் தொடங்கிய தரும சங்கம், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களைக் குடியமர்த்த நிலம் வாங்கியது. அடித்து விரட்டப்பட்ட குடும்பத்துக்கு வசனத்தோடு வாசலும் கூரையும் வேண்டியிருந்தன. அன்றைய சபை அதைப் புரிந்துகொண்டது. பணம் மட்டும் போதாது என்பதை அந்த மண்ணில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் சொன்னார். மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்ன அவர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு வேண்டியது மிஷனரிகளுடைய நட்பு என்று அந்த மிஷனரிகள் முன்பாகவே கேட்டார். சிலருக்கு அது கசந்தது. இன்று அதையே நம்மைப் பார்த்துக் கேட்டால் நமக்கும் கசக்கும். சேகரத் தேர்தலில் எதிரணியில் நின்றவர் வீட்டில் துக்கம் என்றால் நம் கால்கள் தயங்குவதில்லையா? ஆறுதல்கூட உறவுக்குள்ளும் சாதிக்குள்ளும் சுற்றி வருவதில்லையா?

வீடு சந்திப்பது ஆயரின் வேலை என்பார்கள். ஒரு சேகரத்தில் பல சபைகள், ஆயர் ஒருவர். திருமுழுக்கு, திருமணம், அடக்கம், கமிட்டி என்று ஓடுகிறவர் எத்தனை வீட்டுக்குப் போவார்? அவர் வந்தாலும், பக்கத்து பெஞ்சில் இருந்தவர் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதற்கு அது ஈடாகாது. இன்னொரு மறுப்பு கனமானது: தவறு செய்தவரை ஊக்கப்படுத்தினால் தவறையே ஊக்கப்படுத்தியதாகிவிடாதா? மாற்கு விட்டுப்போனதைப் பர்னபா மறுத்ததாக வேதத்தில் இல்லை. திருந்தி நடக்க இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார், அவ்வளவுதான். பிள்ளைகளிடமோ பெண்களிடமோ அத்துமீறியவரை ‘மன்னிப்பு’ என்ற பெயரில் மூடிமறைப்பது வேறு. அது பாதிக்கப்பட்டவரைச் சபை கைவிடுவது. அங்கே துணை நிற்க வேண்டியது பாதிக்கப்பட்டவரோடு. போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

வருகிற ஞாயிறு ஆசீர்வாதம் முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, சில மாதங்களாக யாரைக் காணவில்லை என்று யோசியுங்கள். மாலையில் ஒரு வீட்டுக்குப் போங்கள். சங்கக் காணிக்கை பாக்கியைப் பற்றிப் பேசாதீர்கள். புத்தி சொல்லவும் வேண்டாம். அவர் சொல்வதைக் கேளுங்கள். வேலை தேடுகிறவருக்காக உங்களுக்குத் தெரிந்த முதலாளியிடம் பேசுங்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்காக ஒரு இரவு கண்விழியுங்கள். அடுத்த ஞாயிறு அவர் வந்தால், உங்கள் பெஞ்சிலேயே இடம் கொடுங்கள்.