தேர்ச்சிக்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கித் திரட்டிய பணம் அது. டீக்கடைக்காரர் கொடுத்தார், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அம்மாவும் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்தார். மலைக் கிராமங்களில் பிளஸ் டூ தேறும் பெண்களுக்குப் புதுத்துணி, ஒரு வேளை விருந்து என்று சொல்லித்தான் விழாக் குழுவினர் வாங்கினார்கள். இப்போது, கல்லூரியில் சேர்ந்த ரசீதைக் காட்டினால்தான் துணியாம், விருந்தே கிடையாதாம். முடிவு தவறு. கொடுத்தவர்களைக் கேட்காமல் எடுத்தது அதைவிடப் பெரிய தவறு.

மேற்படிப்புக்கு ஊக்கம் தருகிறோம் என்கிறார்கள். அதற்கு அரசு இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுப் பணத்துக்கு விதி வேண்டும். ஊர் கூடி வைக்கும் மொய்க்கு எதற்கு விதி?

பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போடுகிறோம், சீர் வைக்கிறோம், ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம். கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறோம். பன்னிரண்டு வருடம் படித்துத் தேறியதற்கு மட்டும் விழா இல்லை. 1989-இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம்கூடப் படித்த பெண்ணுக்குக் கல்யாணத்தின்போதுதான் கைகொடுத்தது. அந்தக் குறையை இந்த மலைக்காரர்கள் தங்கள் காசில் தீர்த்தார்கள். அதைத்தான் இப்போது குழுவினர் பிடுங்குகிறார்கள்.

ரசீது எப்படி வரும் என்று யோசித்தார்களா? மலையாளிப் பழங்குடிப் பெண் கல்லூரி சேரக் கேட்கும் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கலந்தாய்வுக்கு அப்பா ஒரு நாள் கூலியை விட்டுக் கூட வர வேண்டும். முதல் சுற்றில் இடம் கிடைக்காதவள், நர்சிங்குக்குக் காத்திருப்பவள், படுத்துக்கிடக்கும் பாட்டியைப் பார்க்க இந்த வருடம் வீட்டில் நின்றவள், இவர்களெல்லாம் தேறவில்லையா? புதுத்துணி முதலில் போக வேண்டியது இவர்களுக்குத்தான். அடுத்த வருடமாவது சேர்ந்துவிடு கண்ணு என்று நாலு பேர் அவளிடம் சொல்ல இருந்த ஒரே இடம் அந்தப் பந்தி.

குழுவினருக்கு இது புதிதும் அல்ல. கோடை விழா வாரத்தில், மலைப்பாதை முழுக்க வண்டிகள் நிற்கும் நேரத்தில் விருந்தை வைத்தவர்கள் இவர்கள். தொலைவு ஊர்ப் பிள்ளைகள் இலை எடுத்த பிறகு வந்து சேர்ந்தார்கள். அளவு கேட்காமல் மொத்தமாகச் சுடிதார் வாங்கி வந்து, பாதி யாருக்கும் சேராமல் போனது. ஒரு வருடம் அலங்கார வளைவுக்கும் மேடைச் சால்வைக்கும் பணத்தைக் கரைத்துவிட்டு, பிள்ளைகள் கையில் எவர்சில்வர் டம்ளரைத் திணித்தார்கள். கணக்கு கேட்டவரை அடுத்த கூட்டத்துக்கே கூப்பிடவில்லை.

பொறுத்தது போதும். பணம் கொடுத்தவர்களும் தேறிய பெண்களின் தாய்மார்களும் உட்கார்ந்து பேச ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். ரசீது நிபந்தனை இந்த வாரமே போக வேண்டும். அதற்கு மனமில்லையென்றால், வசூல் நோட்டை வேறு கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கட்டும்.