படுத்தால் கூலி இல்லையா?

என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், காண்ட்ராக்ட்காரர் மூலம் ஓவர்லாக் டெய்லராக இருந்தார். பீஸ் ரேட் கூலி, சனிக்கிழமை சம்பளம். போன வருடம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. ஒரு மாதம் ஓய்வு எடுக்கச் சொன்னார் டாக்டர். ஓய்வு எடுத்தால் சனிக்கிழமை கவர் ஏது? என் தோடு அடகுக்குப் போனது. அவர் பாதி தேறி வேலைக்குப் போனால், மிஷினில் வேறு ஆள்! அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

அதே சமயம் எதிர்வீட்டு அக்காவும் மஞ்சள் காமாலையில் படுத்தார். வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை அவருக்கு. இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழைக் கொடுத்ததும், கூலியில் 70 சதவீதம் பாங்க் கணக்கில் வந்தது. "உங்க வீட்டுக்காரருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கறதில்லையா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழிற்சாலை என்றால், பீஸ் ரேட் ஆளுக்கும் காண்ட்ராக்ட் ஆளுக்கும் இ.எஸ்.ஐ. உண்டாம். 2019 ஜூலையிலிருந்து, நூறு ரூபாய் கூலிக்குத் தொழிலாளி பங்கு வெறும் 75 காசு. முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். வருடத்தில் 91 நாள் வரை நோய்க்காலப் பணம் கிடைக்கும். இந்த 75 காசு தெரியாமல்தான் நான் தோட்டை அடகு வைத்தேன்!

இதிலும் குறைகள் இருக்கின்றன. படுத்த முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. அன்றாடங்காய்ச்சிக்கு அந்த இரண்டு நாள்தானே அரிசியும் பாலும்? வேலை போனவர்களுக்கு உதவ 2018ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். முதலில் கூலியில் 25 சதவீதம். கொரோனா சமயம், 2020ல், 50 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆனால் ஆயுசு முழுதுக்கும் சேர்த்து 90 நாள்தான் என்று கணக்கு வைத்தார்கள். வேலை என்ன, ஆயுசில் ஒரு தடவைதான் போகுமா?

சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கஞ்சி கூட இறங்காமல் கிடந்தவரைப் பார்த்தவள் நான். முப்பது ரூபாய் குறைவாக வாங்குவதற்காக யாராவது ஆசைப்பட்டு நோயில் படுப்பார்களா?

முதல் இரண்டு நாளுக்கும் பணம் தர வேண்டும். வேலை இழந்தவருக்கு 90 நாள் என்பது, வேலை போகும் ஒவ்வொரு தடவையும் கிடைக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அதிகாரிகள் கம்பெனிக்கே வந்து பார்க்க வேண்டும்.

சகோதரிகளே, இந்த சனிக்கிழமை சம்பளக் கவர் வந்ததும், "உங்களுக்கு இ.எஸ்.ஐ. நம்பர் இருக்குங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்னைப் போல் தோடு போன பிறகு கேட்காதீர்கள்!

- ஒரு வாசகி, திருப்பூர்.