மீன்தொட்டிக்கு விளக்கா, விளம்பரமா?

மீன்தொட்டிக்கு எல்.ஈ.டி. விளக்கு வாங்குவதா, பழைய குழாய் விளக்கையே வைத்திருப்பதா என்ற வாதம் வீட்டில் மீன் வளர்ப்போரிடையே இன்னமும் ஓயவில்லை. எப்போதோ ஓய்ந்திருக்க வேண்டிய வாதம் அது. ஓயாமல் வைத்திருப்போர் இரு சாரார். ஒரு சாரார், நம்மூரில் 'ரியூப் லைற்' என்று அழைக்கப்படும் பொருளின்மீது தீராப் பற்றுக் கொண்டவர்கள். மறு சாரார், புதிய விளக்கை விற்பதற்காக எதையும் சொல்லத் துணிந்த வியாபாரிகள். இரு சாராரும் மீனை மறந்துவிட்டே பேசுகின்றனர் என்பதே எனது குற்றச்சாட்டு.

முதலில் பழைமைப் பற்றாளர்களைப் பார்ப்போம். குழாய் விளக்கின் ஒளி இயற்கையானது, எல்.ஈ.டி.யின் ஒளி செயற்கையானது என்கிறார்கள். குழாய் விளக்கினுள் பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. அது கண்ணாடியின் உட்புறப் பூச்சில் பட்டு வெண்ணொளியாக மாறுகிறது. வெள்ளை எல்.ஈ.டி.யில் நீல ஒளி மஞ்சள் பூச்சொன்றில் பட்டு வெண்ணொளியாக மாறுகிறது. இதில் எது இயற்கை? எல்.ஈ.டி.யின் கீழ் நீர்த்தாவரம் வளராது என்பது அவர்களது அடுத்த வாதம். ஆரம்பகாலத்தில் வந்த வலுவற்ற விளக்குகளைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்று நீர்த்தாவரத் தொட்டிகளும் பவளத் தொட்டிகளும் பெருமளவில் எல்.ஈ.டி.யைக் கொண்டே பராமரிக்கப்படுகின்றன.

இந்த வழக்கில் தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஓகஸ்டில் குழாய் விளக்குகளைச் சந்தையில் புதிதாக விடுவதை நிறுத்தியது. பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, இவ்வகை விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டுடன் முடிவுக்குக் கொண்டுவர இணங்கின. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் ஓர் உறுப்பு நாடு. திறந்த நீர்ப்பரப்பின் மேல், சில மில்லிகிராம் பாதரசம் கொண்ட கண்ணாடிக் குழாயையும், 230 வோல்ட் மின்சாரத்தையும் ஒருசேரத் தொங்கவிட்டிருந்தோம் என்பதை எண்ணும்போது, இத்தீர்ப்பு தாமதமாக வந்ததென்றே கூறத் தோன்றுகிறது.

ஆனால் வியாபாரிகளின் பேச்சு வேறொரு வகைப் பொய். மின்கட்டணம் பாதியாகும் என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். இரண்டடிக் குழாய் 18 வாட். 'சோக்' உறிஞ்சுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 வாட். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் எரிந்தால் மாதம் 6 அலகு. அதன் இடத்தில் 10 வாட் எல்.ஈ.டி. எரிந்தால் 2.4 அலகு. மிச்சம் மாதம் மூன்றரை அலகு. நல்லதுதான், ஆனால் இதைக்கொண்டு வீட்டுக் கட்டணத்தைப் பாதியாக்க எந்தக் கணிதத்தாலும் முடியாது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் நம்மவர் தொட்டிகளில், நீரைச் சூடாக்கும் கருவி விழுங்கும் மின்சாரத்தின் முன் இந்த மிச்சம் ஒரு பொருட்டே அல்ல.

'ஐம்பதாயிரம் மணித்தியாலம்' என்பது அடுத்த மந்திரம். எட்டு மணித்தியாலப் பாவனையில் அது பதினேழு ஆண்டு. ஒளி தரும் சில்லு அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கவும் கூடும். ஆனால் அதற்கு மின்சாரம் ஊட்டும் சிறு மின்சுற்று அவ்வளவு காலம் தாங்குமா? நம்மூர் வெக்கையிலும் தொட்டியின் நீராவியிலும் முதலில் சாவது அதுதான். பழைய விளக்கில் 'ஸ்ராட்டர்' போனால் ஸ்ராட்டரை மாற்றினோம். குழாய் மங்கினால் குழாயை மாற்றினோம். இன்று கடைகளில் குவிந்திருக்கும் மலிவு எல்.ஈ.டி. விளக்குகளோ முற்றாக ஒட்டி மூடப்பட்டவை. பத்து ரூபா உதிரிப்பாகம் ஒன்று பழுதானாலும் முழு விளக்கும் குப்பைக்கே. பழைமைப் பற்றாளர்கள் சண்டையிட வேண்டிய இடம் இதுதான். அவர்களோ ஒளியின் இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கொடுமை பிரகாசம். எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு சிறப்பு என்று விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். கடையில் சிவப்பும் நீலமும் கலந்த ஒளியில் மீன் மாணிக்கமாக மின்னுகிறது. அந்த ஒளி நம் கண்ணுக்காக அமைக்கப்பட்டது, மீனுக்காக அல்ல.

உலகெங்கும் மீன்தொட்டிகளில் நீந்தும் 'செரி பார்ப்' என்ற சிறு சிவப்பு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலங்கைக்கே உரியது. 1929இல் தெரணியகல அதற்கு அறிவியற் பெயரிட்டார். தென்மேற்கு ஈரவலயத்தில், மரக்கிளைகள் கவிந்த நிழலின்கீழ், உதிர்ந்த இலைகள் படிந்த ஆழமற்ற ஓடைகளே அதன் வீடு. அதே வலயத்தின் நீரோடைகளில் வளரும் கிரிப்டோகொரைன் தாவரங்களும் மங்கிய ஒளியில் செழிப்பவை. இந்த மீனைப் பிடித்துவந்து, விளையாட்டரங்க விளக்கின்கீழ் நிறுத்திவிட்டு, 'நிறம் வெளுத்துவிட்டது, மூலையில் பதுங்குகிறது' என்று முறையிடுகிறோம். மீனுக்கு இமை கிடையாது. விருந்தினர் பார்க்கட்டும் என்று நள்ளிரவுவரை விளக்கை எரியவிடும் வீட்டில், அது கண்ணை மூடிக்கொள்ளவும் வழியில்லை. கண்ணாடியில் பச்சைப்பாசி படிந்ததும் மருந்து தேடிக் கடைக்கு ஓடுகிறோம். விளக்கை நேரத்தோடு அணைக்க நமக்குத் தோன்றுவதில்லை.

எனவே எல்.ஈ.டி.யையே வாங்குங்கள். ஆனால் ஒளியைக் கூட்டிக் குறைக்கத்தக்கதாக, மின்வழங்கி தனியாகக் கழற்றி மாற்றத்தக்கதாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட லூமென் கணக்கில் மயங்காதீர்கள்; அது மனிதக் கண்ணின் அளவுகோல். பவளமும் ஒளிவிரும்பும் தாவரமும் வளர்ப்போரின் தேவை வேறு. அவர்களுக்கு வலுவான விளக்கு வேண்டும். சாதாரண மீன்களுக்கும் நிழல்விரும்பும் தாவரங்களுக்கும் நாளுக்கு ஏழெட்டு மணித்தியால மிதமான ஒளியும், மேற்பரப்பில் மிதக்கும் சிறிது பாசியின் நிழலும் போதும். பத்து ரூபாச் சாமானில் ஆயுள் இரண்டையும் நேர நிறுத்தியாக நீட்டச் சொல்லவில்லை. விளக்கை உரிய நேரத்தில் தானாக அணைக்கும் ஒரு சாதாரண மணிக்கூட்டுச் சுவிட்ச் போதும்.

மிச்சமாகும் பணத்தில், மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை வாங்கி வையுங்கள். 2022 மார்ச் முடிவில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. அத்தகைய வேளையில் மீன்நெருக்கம் மிகுந்த தொட்டியில் மீனைக் கொல்வது இருட்டன்று. நீரில் ஒட்சிசன் குறைவதே.