இல்லமும் தொழிலும்: பொருளுக்கு ஓர் இடம்

சென்ற திங்கள் நம் சங்கத்துச் சகோதரி ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மும்பை செம்பூரில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. கணவர், பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், மாமியார் எனக் குடும்பத்தில் ஐவர். நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்தும், அவற்றில் ஆரி வேலைப்பாடு செய்தும் வருகிறார். “தொழில் வளர்கிறது; வீடு சுருங்குகிறது. இந்தக் குப்பைக்குள் வாழ்வதைவிட வேலையையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது” என்று எழுதியிருந்தார்.

இத்தகைய கடிதத்துக்கு மேசை முன் அமர்ந்து விடை எழுதுதல் முறையன்று எனக் கருதி, ஒரு சனிக்கிழமை காலை நேரில் சென்றோம்.

முன்னறைதான் தொழிற்கூடம். பிள்ளைகள் படிப்பதும், மாமியார் உறங்குவதும் அங்கேதான். சன்னலோரம் தையல் பொறி. சுவரில் சாய்த்து நிறுத்திய ஆரிச் சட்டம். நாற்காலிகளின் மேலும் கீழும் புடவைப் பைகள். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் மணிச் சரங்கள். பிள்ளையின் புவியியல் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்தாற்போல் ஒரு லைனிங் துணி. சோம்பேறியின் வீடு இப்படி இராது; அங்கே தூசிதான் இருக்கும். இது உழைப்பாளியின் வீடு. ஆயினும் உழைப்புக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

காப்பி தந்துவிட்டு அச்சகோதரி தணிந்த குரலில் ஒரு செய்தி சொன்னார். வாடிக்கைக்கார அம்மையார் ஒருவர், காலமான தம் தாயாரின் கூரைப்புடவையைப் பேத்திக்குப் பாவாடையாகத் தைத்துத் தருமாறு கொடுத்திருந்தார். அப்புடவையைக் காணவில்லை. பதினோரு நாட்களாகத் தேடுகிறாராம். திங்கட்கிழமை அம்மையார் வரப்போகிறார். “பணமென்றால் கொடுத்துவிடலாம், இதற்கு என்ன கொடுப்பேன்?” என்றார். வீட்டில் எவரிடமும் இதனைச் சொல்லவில்லை. “சொன்னால், ‘இந்த வேலையே வேண்டாம்’ என்பார்கள்” என்பது அவர் அச்சம்.

யோசனை கூறச் சென்ற நாம் தேடும் பணியில் இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் அறை தலைகீழாயிற்று, புடவை அகப்படவில்லை. அதற்குள் கோயிலிலிருந்து திரும்பிய மாமியார், “என்ன தேடுகிறீர்கள்?” என்று கேட்டார். இனி மறைக்க வழியில்லை, மருமகள் சொல்லிவிட்டார். அம்மூதாட்டி சற்றே யோசித்து, “அரக்குப் புடவைதானே? அன்றைக்கு விருந்தாளிகள் வந்தபோது தரையில் கிடந்தது. உன் நல்ல புடவை என்று எண்ணி நான்தான் எடுத்துக் கட்டிலுக்குள் வைத்தேன்” என்றார். தாம் படுக்கும் பெட்டிக் கட்டிலைத் திறக்கச் செய்தார். பித்தளைப் பாத்திரங்களின் மேல், மடிப்புக் கலையாமல், புடவை இருந்தது.

குற்றம் யாருடையது? பத்திரப்படுத்தியவரைக் குறை கூற இயலுமா? தொலைத்தவர் என்று மருமகளைத்தான் கூற இயலுமா? அப்புடவைக்கென ஓர் இடம் அவ்வீட்டில் இருந்ததில்லை. இடமில்லாத பொருளை, காண்பவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் வைப்பர். அதனை அன்பு என்பதா, குழப்பம் என்பதா?

புடவை கிடைத்த மகிழ்ச்சியினும் நம் கருத்தைக் கவர்ந்தது அக்கட்டிலின் உட்புறமே. தவலை, அண்டா, அடுக்குகள், குத்துவிளக்கு, தாம்பாளங்கள் என அது நிறைந்திருந்தது. “ஊரில் வீடு கட்டிக் குடியேறும்போது வேண்டும் என்று வைத்திருக்கிறோம்” என்றார் கணவர். மும்பைக்கு வந்து எத்தனை ஆண்டுகள் என்று கேட்டோம். பதினேழு என்றார். இதனைக் கேட்டு நகைக்கும் தகுதி நமக்கில்லை. நம்மவர் வீடுகளின் பரணையும் பெட்டிக் கட்டிலையும் திறந்து பார்த்தால், ஊர் திரும்பும் நாளுக்காகக் காத்திருக்கும் பொருள்கள் எத்தனை வீடுகளில் இல்லாமலிருக்கும்? என்றோ வாழப்போகும் வாழ்வுக்கு உலர்ந்த, பத்திரமான இடம். இன்று வாழும் வாழ்வுக்கு நாற்காலியின் அடிப்புறம்!

கணவர் நல்லவர், எனினும் பேச்சுவாக்கில், “பொழுதுபோக்காகத் தைக்கிறாள்” என்றார். நாம் அச்சகோதரியின் கணக்கைக் கேட்டோம். நாட்காட்டித் தாள்களின் பின்புறம் எழுதியவற்றை நால்வருமாகக் கூட்டிப் பார்த்தோம். சென்ற ஆண்டு பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணம் முழுவதும் அந்த ‘பொழுதுபோக்கி’லிருந்து வந்திருந்தது. கணவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, கட்டிலிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கலானார்.

அன்றும் மறுநாளும் செய்தவற்றைப் பிறருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தொகுத்துரைக்கின்றோம். தையலுக்கு மட்டுமன்றி, ஓவியம் தீட்டுவோர், கொலு பொம்மைக்கு வண்ணமிடுவோர், நாட்டிய நகை கோப்போர் ஆகியோருக்கும் இவை பொருந்தும்.

முதலாவது, பிறர் பொருளும் நம் பொருளும் கலத்தலாகாது. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை. புடவை, ரவிக்கைத் துணி, அளவு ரவிக்கை மூன்றும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். வாயில் ஓர் அட்டை: வரிசை எண், பெயர், வந்த நாள், தர வேண்டிய நாள், உள்ளிருக்கும் பொருள்கள். அதே எண் பதிவேட்டிலும் இருக்கட்டும். கட்டிலின் காலியான பாதி இப்பைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அப்பாதியில் வேறெதுவும் வைப்பதில்லை என்று வீட்டார் ஐவரும் ஒப்புக்கொண்டனர். மாமியாரிடம் அதன் சாவியை ஒப்படைத்தோம்.

இரண்டாவது, கைக்கெட்டும் தூரம். அமெரிக்கரான ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் செங்கல் அடுக்கும் கொத்தனாரின் வேலையை ஆராய்ந்து, கல்லைக் குனிந்து எடுக்காதபடி உயரத்தில் வைத்தும், பிற மாறுதல்கள் செய்தும், ஒரு கல்லுக்கு 18 ஆக இருந்த அசைவுகளை 5 ஆகக் குறைத்தார். 1911ஆம் ஆண்டில் வெளிவந்த நூல்களில் இச்செய்தி உள்ளது. தையலுக்கும் இதுவே நியதி. கத்தரி, அளவு நாடா, சுண்ணக்கட்டி, ஆரி ஊசி, பாபின்கள் ஆகியன இருந்த இடத்திலிருந்து எழாமல் எட்ட வேண்டும். வாரம் ஒருமுறை வேண்டுவன அலமாரியில். ஆண்டுக்கொருமுறை வேண்டுவன பரணில்.

மூன்றாவது, காணாத பொருள் இல்லாத பொருளே. மணி, சமிக்கி, கல் ஆகியவற்றைக் கண்ணாடி போன்ற திருகுமூடிக் குப்பிகளில் இட்டு, வாங்கிய கடை, விலை, நிற எண் ஆகியவற்றை ஒட்டி வைக்க வேண்டும். அச்சகோதரியிடம் ஒரே பொன்னிற மணி ஐந்து பொட்டலங்களில் இருந்தது. இருப்பது தெரியாமையால் ஒவ்வொரு முறையும் புலேசுவர் சென்று புதிதாக வாங்கியிருக்கிறார்!

நான்காவது, மழை. 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை இந்நகரத்தார் மறந்திரார். அவ்வளவு பெய்ய வேண்டுவதில்லை. சாதாரண ஆடி மாத ஈரமே சரிகையைக் கறுக்கச் செய்யும். தரையிலிருந்து ஓர் அடிக்குள் துணி எதுவும் இருத்தலாகாது. பட்டையும் சரிகையையும் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் நன்று. அந்துருண்டை சரிகைமேல் படலாகாது.

ஐந்தாவது, கண்ணும் நெருப்பும். வலக்கையால் வேலை செய்வோருக்கு ஒளி இடப்புறமிருந்து வர வேண்டும்; இன்றேல் கையின் நிழல் ஊசிமேல் விழும். சட்டத்தைச் சன்னலுக்கு அவ்வாறே திருப்பினோம். இஸ்திரிப் பெட்டிக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டுமாதலால், தையல் பொறி செருகிய நீட்டுப் பலகையில் அதனையும் செருகலாகாது. சுவரில் தனி இணைப்பு வேண்டும். துணித் துண்டுகள் அதன் அருகே கிடத்தலும் தீது. ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும். பிள்ளைகள் உறங்கும் தரை அது.

ஆறாவது, கணக்கு. நாட்காட்டித் தாள் போதாது. பணிப் பதிவேடு, கொள்முதல் ஏடு, வரவு செலவு ஏடு என மூன்று வேண்டும். சிறு தொழில் முனைவோருக்கான ‘உத்யம்’ பதிவு 2020 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணைக் கொண்டு இணையவழி செய்துகொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை. இப்பதிவு இருந்தால் வங்கியில் கடன் கேட்கும்போது, ‘பொழுதுபோக்கு’ என்று எவரும் கூறார். மூன்று ஏடுகளையும் எழுதும் பொறுப்பைக் கணவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இறுதியாக, நாள்தோறும் விளக்கணைக்கும் முன் கால் மணி நேரம். எடுத்தவற்றை எடுத்த இடத்தில் வைப்பதற்கு மட்டும் அந்நேரம். ஒருநாள் தவறினால் மறுநாள் அரைமணி ஆகும். ஒரு வாரம் தவறினால் நம்மைக் கடிதம் எழுதி அழைக்க வேண்டிவரும்.

பாத்திரங்கள் என்னவாயின என்று வாசகர் கேட்கக்கூடும். அது மூதாட்டியின் தீர்ப்புக்கு விடப்பட்டது. குத்துவிளக்கு பூசையறைக்குச் சென்றது. அண்டாவையும் அடுக்குகளையும், புதுக் குடித்தனம் தொடங்கிய உறவுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். தம் தாய்வீட்டுச் சீதனமான பித்தளைத் தவலையை மட்டும் எவருக்கும் தர அவருக்கு மனமில்லை. “இது இங்கேயே இருக்கட்டும்” என்றார். இப்போது அது புளியிட்டுத் துலக்கப்பட்டு, தையல் பொறியின் அருகே வெட்டுத் துண்டுகளை ஏற்றுக்கொண்டு நிற்கிறது.

திங்கட்கிழமை அம்மையார் வந்து பாவாடைக்கு அளவு கொடுத்துச் சென்றாராம். பையின் எண் 1 என்று அச்சகோதரி எழுதியிருக்கிறார்.