உழைக்கும்வரை வீடு, ஓய்ந்தபின் வீதியா?

1964 அக்டோபர் 30ந் தேதி டில்லியில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1948ல் இலங்கை சர்க்கார் பிரஜாவுரிமையைப் பறித்த மலைத்தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடுமுன் தொழிலாளியைக் கேட்டவர் யாருமில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத பலரிடம் வியாபாரக் கடன் என்று சிறு தொகையைக் கொடுத்துக் கைகழுவினார்கள். அந்தப் பணம் அரிசிக்கும் மருந்துக்கும் கரைந்தது. குடும்பங்கள் ஊர் ஊராகச் சிதறின. தெரிந்த தொழிலைக் கொடுத்த இடத்தில் மட்டும் அவர்கள் வேரூன்றினார்கள். 1968ல் நீலகிரியில் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டமே இதற்குச் சாட்சி. காடு திருத்தித் தேயிலை வளர்த்தது இவர்கள் கைகள்தான்.

ஆனால் அங்கேயும் வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்ட விதி. 2022ல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வன இலாகாவிடம் திருப்பித் தர அரசு ஆணையிட்டபோது தொழிலாளி நெஞ்சில் நெருப்பு விழுந்தது. தோட்டம் சுருங்கினால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். ஓய்வு பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு வீடு தர அரசு முன்வந்தது நல்லதே. ஆனால் வீடு சிலருக்குச் சலுகையாக அல்ல, எல்லோருக்கும் உரிமையாக வேண்டும்.

1983 முதல் போருக்குத் தப்பி வந்தவர்கள் கதியும் இதே பாடத்தைச் சொல்கிறது. முகாம்களில் 7,469 புது வீடுகள் கட்ட 2021ல் தமிழக அரசு அறிவித்தது, வரவேற்கிறோம். ஆனால் 2019ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களை ஒதுக்கி வைத்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அகதி என்றே பெயர்.

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! "வெளியூரான் வந்தான், உன் கூலி குறைந்தது" என்று முதலாளி சொல்வான். நம்பாதீர்கள். உரிமைச் சீட்டு இல்லாதவன் கொடுத்ததை வாங்கிக்கொள்வான் என்பது அவன் கணக்கு. வந்தவனுக்கும் சம கூலி, சங்கத்தில் சம இடம் என்றால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

ஆகவே நமது கோரிக்கை மூன்று: தெரிந்த தொழிலில் நிரந்தர வேலை, தொழிலாளி பெயரில் பட்டாவுடன் வீடு, இங்கே வாழ விரும்புவோருக்குக் குடியுரிமை. இதில் ஒன்று குறைந்தாலும் அது மறுவாழ்வு அல்ல, இன்னொரு முகாமே. இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு சங்கமும் தன் கோரிக்கையாக ஏற்கட்டும்!